52 சீட்டு போதும்: தனியா ஆடுற டெக் பில்டிங்

[திரை: மேசை மேல் சீட்டுக்கட்டு. ஒரு கை அதை உறையிலிருந்து உருவி, எண் வாரியாகப் பிரித்து அடுக்குகிறது.]

சாலிடேர் ஆடுறப்போ, கலைச்சு வச்ச கட்டுல வரிசை ஏற்கெனவே முடிவாயிடுச்சு. அதை அவிழ்க்கிறதுதான் ஆட்டம். கடைசி வரைக்கும் அதே 52 சீட்டு, ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது.

டெக் பில்டிங் அப்படி இல்ல. சப்பையான ஒரு சின்னக் கட்டோட ஆரம்பிப்பீங்க. ஆடிக்கிட்டே நல்ல சீட்டை வாங்கிச் சேர்ப்பீங்க, உதவாததை வெளியே தள்ளுவீங்க. கட்டு தீர்ந்ததும் கழிச்சதையெல்லாம் கலைச்சு, அதுலேர்ந்தே மறுபடி எடுப்பீங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி நீங்க எடுத்த முடிவு, நல்லதோ கெட்டதோ, இப்போ உங்க கைக்கே சீட்டா வந்து சேரும். எனக்கு இந்த வகை ஆட்டம் இவ்வளவு பிடிக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

இந்த முறையைப் பரவலாக்கினது 2008-ல வந்த டொமினியன். டொனால்ட் எக்ஸ். வக்கரினோ உருவாக்கினது. 2009-ல ஜெர்மனியோட ஸ்பீல் டெஸ் யாரெஸ், அதாவது வருஷத்தோட சிறந்த ஆட்டத்துக்கான விருது வாங்குச்சு. அந்தப் பெட்டிக்குள்ள 500 சீட்டு. ஒவ்வொண்ணுலயும் அதோட விலையும் வேலையும் அச்சடிச்சிருக்கும். நம்ம சாதாரணக் கட்டுல அதெல்லாம் கிடையாது, எண்ணும் குறியும் மட்டும்தான்.

ஆனா அந்த எண்ணையே விலையாவும் வச்சுக்கலாம், பலமாவும் வச்சுக்கலாம். ஒரு 8-ஐ வாங்க 8 புள்ளி ஆகும். வாங்கினப்புறம் அது கைக்கு வர்றப்பெல்லாம் 8 புள்ளி தரும். அச்சடிச்ச விதி எதுவும் இல்லாமலே ஒரு முழு ஆட்டம் இதுக்குள்ள இருக்கு. எப்படின்னு காட்டுறதுக்காக ஒரு சின்ன விதித் தொகுப்பு அமைச்சிருக்கேன். ஒரு கட்டை எடுத்துக்கிட்டு என்கூடவே ஆடுங்க.

[திரை: மேலிருந்து காட்சி. சீட்டுகள் நாலு குவியலாகப் பிரிகின்றன.]

ஜோக்கரை ஓரமா வச்சுடுங்க. 2-ம் 3-ம் மொத்தம் எட்டுச் சீட்டு, இதுதான் உங்க ஆரம்பக் கட்டு. 4-லேர்ந்து 10 வரைக்கும் 28 சீட்டு, இது கடை. கலைச்சு, மேலேர்ந்து நாலை வரிசையாத் திறந்து வைங்க. படச்சீட்டு பன்னிரண்டும் எதிரிகள். மேலே ஜாக்கி நாலு, நடுவுல ராணி, அடியில ராஜா. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் முன்னாடி நிப்பாங்க. ஜாக்கியை வீழ்த்த 12 புள்ளி, ராணிக்கு 18, ராஜாவுக்கு 24, அதுவும் ஒரே முறையில. ஏஸ் நாலும் உங்க பக்கத்துல இருக்கட்டும். ஒவ்வொரு ஏஸையும் ஒரே ஒரு தடவை செலவழிச்சு, கையில இருக்கிறதைக் கழிச்சுட்டுப் புதுசா நாலு சீட்டு எடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் நாலு சீட்டு எடுங்க. அந்தப் புள்ளியைக் கடையில செலவழிக்கலாம், எதிரி மேல போடலாம், ரெண்டுக்கும் பிரிச்சும் கொடுக்கலாம். மீதிப் புள்ளி வீண். வேணும்னா கையில ஒரே ஒரு சீட்டை மட்டும் பயன்படுத்தாம, ஆட்டத்தை விட்டே நீக்கிடலாம். வாங்கினதும் கையில இருந்ததும் கழிச்ச குவியலுக்குப் போகும். கடைசியா, கடை வரிசையில இடது ஓரச் சீட்டு வெளியேறும், வரிசையை நாலா நிரப்பணும். கடை முழுசா காலியாகுறதுக்குள்ள பன்னிரண்டு பேரையும் வீழ்த்தினா ஜெயிப்பு.

[திரை: கையில் நாலு சீட்டு. கடையில் இடமிருந்து வலமாக டைமண்ட் 10, கிளாவர் 6, ஆர்ட்டின் 4, ஸ்பேடு 8.]

முதல் முறை. கையில ரெண்டு 3, ரெண்டு 2. மொத்தம் 10. முன்னாடி நிக்கிற ஜாக்கிக்கு 12 வேணும். ஆரம்பக் கட்டுல 12 வரணும்னா நாலு 3-ம் ஒரே கையில விழணும், அதுக்கு 70-ல ஒரு வாய்ப்புதான். அதனால இப்போ சண்டைய மறந்துட்டுக் கடையைப் பாருங்க.

ரெண்டு வழி இருக்கு. பத்துப் புள்ளியையும் கொடுத்து டைமண்ட் 10-ஐ வாங்கலாம். இல்லன்னா 3, 3, 2-ஐக் கொடுத்து ஸ்பேடு 8-ஐ வாங்கிட்டு, மிச்சமிருக்கிற 2-ஐ நீக்கிடலாம். ரெண்டாவது வழி கவர்ச்சியாத் தெரியும். ஆனா டைமண்ட் 10 இடது ஓரத்துல இருக்கு, இந்த முறை முடிஞ்சா போயிடும். ஸ்பேடு 8 வலது ஓரத்துல பத்திரமா இருக்கு. இன்னொரு விஷயம்: உங்க கட்டுல மொத்தப் புள்ளி 20. இப்போ 10 கையில இருக்குன்னா, அடுத்த கை கண்டிப்பா இன்னொரு 10. எடுத்துப் பார்க்கவே வேண்டாம்.

அதனால இப்போ 10-ஐ வாங்குங்க. அடுத்த முறை 3, 3, 2-ஐக் கொடுத்து 8-ஐ வாங்கிட்டு, மிஞ்சின 2-ஐ நீக்குங்க. ரெண்டே முறையில உங்க கட்டு ஒன்பது சீட்டு, மொத்தம் 36 புள்ளி. ஒரு சீட்டுக்குச் சராசரி 4, ஒரு கைக்கு 16. ஜாக்கி எட்டுற தூரத்துக்கு வந்துட்டான்.

[திரை: ஒன்பது சீட்டும் கலைக்கப்படுவது நெருக்கத்தில்.]

கலைக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. 52 சீட்டு நல்லாக் கலைய ஏறக்குறைய ஏழு தடவை ரிஃபிள் பண்ணணும்னு, அதாவது கட்டை ரெண்டாப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்ன விடணும்னு 1992-ல டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. சின்னக் கட்டுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா கொத்துக் கொத்தா உருவிப் போடுற கலைப்பு மட்டும் இங்க ஆகவே ஆகாது. சேர்ந்து கழிஞ்ச சீட்டு சேர்ந்தே திரும்பி வரும். மேசை மேல கவிழ்த்துப் பரப்பி, ரெண்டு கையாலயும் நல்லா அளைஞ்சு விடுங்க. நாலு சீட்டுக் கையில 10-ம் 8-ம் எப்ப சேரும்கிறதுதான் ஆட்டத்தோட உயிர், அது சோம்பேறிக் கலைப்புல கெட்டுப்போகக் கூடாது.

[திரை: கடையின் 28 சீட்டும் ஒரு நீள வரிசையாக விரிகின்றன.]

இப்போ இந்த ஆட்டத்தோட கடிகாரம். கடையில 28 சீட்டு. ஒவ்வொரு முறையும் ஒண்ணு தானா வெளியேறுது, நீங்க வாங்குற ஒவ்வொண்ணும் இன்னொண்ணைக் குறைக்குது. எட்டுச் சீட்டு வாங்கினா மொத்தம் 20 முறைதான் கிடைக்கும். ஒரு முறைக்கு ஒரு வேலைன்னு வச்சுக்கிட்டா, வாங்க எட்டு, வீழ்த்தப் பன்னிரண்டு, கணக்கு சரியா முடிஞ்சுபோச்சு. ஒன்பதாவதை வாங்கணும்னா, 19 முறையில 21 வேலை, ஏதோ ரெண்டு கையை ரெண்டு ரெண்டு வேலைக்குப் பிரிச்சாகணும். வாங்குறது ஆசைக்கு இல்லைன்னு இங்கதான் புரியும்.

அப்போ ராஜாவோட 24-க்கு எங்க போறது? வாங்கின எட்டும் சராசரியா 8-ன்னு வைங்க, 64 புள்ளி. பழைய 20-ஐச் சேர்த்தா 84, பதினாறு சீட்டுல. ஒரு கைக்குச் சராசரி 21. ராஜா முன்னாடி இது போதாது. இப்போ அதே கட்டுலேர்ந்து நாலு 2-ஐ மட்டும் நீக்குங்க. 76 புள்ளி, பன்னிரண்டு சீட்டு. ஒரு கைக்கு 25-ஐத் தாண்டிடுச்சு.

புதுசா எதுவும் வாங்கல. எட்டுப் புள்ளியை இழந்திருக்கோம், அவ்வளவுதான். ஆனா 21-க்கும் 25-க்கும் நடுவுலதான் ராஜா நிக்கிறான். டெக் பில்டிங்குக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் வாங்குறதுலயே கண்ணா இருப்பாங்க. நான் நீக்குறதைத்தான் முதல்ல பார்க்கச் சொல்வேன். 12 சீட்டுன்னா சரியா மூணு கை வேற. முதல் ரெண்டு கையைப் பார்த்தாலே மூணாவதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும். ஏஸை எப்போ செலவழிக்கணும்கிறதை அதை வச்சே முடிவு பண்ணலாம்.

[திரை: படச்சீட்டுகள் தனிக் கட்டாக, மேலே ஸ்பேடு ஜாக்கி.]

சாதாரணக் கட்டுல ஆடக்கூடியதா, வெளியிட்டவங்களே விதி எழுதின ஆட்டமும் இருக்கு. 2020-ல வந்த ரெஜிசைடு. கூட்டா ஆடுறதுதான், ஆனா தனியா ஆடவும் விதி உண்டு: கையில எட்டுச் சீட்டு, உதவிக்கு ரெண்டு ஜோக்கர். அங்க கடை கிடையாது. ஆனா ஒரு அழகான விதி இருக்கு. ஜாக்கிக்கு உயிர் 20. அதைத் தாண்டி அடிச்சா ஜாக்கி கழிச்ச குவியலுக்குப் போயிடும். மிகச் சரியா 20 அடிச்சா, நீங்க எடுக்கிற கட்டோட தலையில போய் உட்காரும், அப்புறம் உங்களுக்கே 10 பலமுள்ள சீட்டா வேலை செய்யும். அதுக்காக 22 அடிக்க முடியுற இடத்துல 19-ல நிறுத்தி, எதிரி திருப்பி அடிக்கிற வலியைத் தாங்கி, அடுத்ததா ஒரு ஏஸால (அங்க ஏஸுக்கு மதிப்பு 1) முடிக்கலாமான்னு யோசிக்க வைக்கும். ஒரே ஒரு வாக்கியத்துல கட்டு வளர வழி பண்ணியிருக்காங்க. என்னோட கணக்குல இந்த ஆட்டத்தோட சிறந்த யோசனை அதுதான்.

[திரை: மீண்டும் நம் ஆட்டம். கடைசி ராஜா வீழ்கிறார், பக்கத்தில் ரெண்டு ஏஸ் மீதம்.]

நம்ம ஆட்டத்துல ஜெயிச்சப்போ மிச்சமிருக்கிற ஏஸ்தான் உங்க மதிப்பெண். நாலும் அடிக்கடி மிஞ்சுதுன்னா ராஜாவை 26 ஆக்குங்க. 2-ஐ மட்டும் நீக்கின கட்டுக்கு 25 சொச்சம்தான் சராசரி, அதனால 3-லயும் ஒண்ணை விட்டுக்கொடுத்தாகணும். எந்த 3, எந்த முறையில, அது தர்ற மூணு புள்ளி இல்லாம அந்த முறை எதை வாங்க முடியாமப் போகும்னு பார்த்து நீக்குங்க.