கோலாலம்பூர் விடும் புகைக்குக் கணக்கு உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் நம் கைப்பேசியில் ஐபியு, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்தான் ஓடும். செராஸில் எவ்வளவு, பத்து மூடாவில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவோம். நல்ல பழக்கம். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு, கோலாலம்பூர் மணிக்கு எத்தனை கிலோ புகை விடுகிறது என்று சொல்ல முடியாது.

ஏன்? காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் ஜாலான் துன் ரசாக்கில் ஒரே அளவு வண்டி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கருவி அதிகம் காட்டும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால், விடியும்வரை காற்று சில நூறு மீட்டருக்குள் மூடி போட்டதுபோல் அடைந்து கிடக்கும். வெயில் ஏற ஏற அந்த மூடி ஒரு கிலோமீட்டர் வரைக்கும் உயரும். அதே புகை கலக்கப் பெரிய இடம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

புகையைக் கணக்கிடப் பழைய வழி, காகிதக் கணக்கு. இத்தனை வண்டி, இத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று பெருக்குவார்கள். பராமரிப்பே பார்க்காத லோரி கரும்புகை விட்டுக்கொண்டு போகிறதே, அது இந்தப் பெருக்கலில் சரியாக விழாது. அதனால்தான் நேரில் அளந்தும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

எனக்குப் பிடித்த முறை இது. கார்க் கூரையில் வானத்தைப் பார்த்தபடி ஒரு சின்னத் தொலைநோக்கி. வண்டிப் புகையால் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு, வெளிச்சத்தின் நீலப் பகுதியை விழுங்கும் வாயு. நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதோடு இணைந்த நிறமாலைமானி (வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி) சொன்னால், தலைக்கு மேலே அந்த வாயு மொத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மூடி எந்த உயரத்தில் இருந்தால் என்ன? அப்புறம் காரை நகரைச் சுற்றி ஓட்ட வேண்டும். மெக்சிகோ நகரிலும் தில்லியிலும் ஓட்டியிருக்கிறார்கள். நமக்கு எம்ஆர்ஆர்2, கெசாஸ், எல்டிபி ஆகிய மூன்று நெடுஞ்சாலைகளையும் சேர்த்தால் ஒரு வளையம் ஆகிவிடும். டோல் காசு தனி! காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பெருக்கி, வெளியே போனதிலிருந்து உள்ளே வந்ததைக் கழித்தால், மிச்சம் நகரத்தின் சொந்தப் பங்கு.

இந்த வாயு பகலில் சில மணி நேரம்தான் காற்றில் தங்கும். அதனால் பழியைத் தூரத்து ஊர்மேல் போட முடியாது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து சாலைகள் வெறிச்சோடியபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் இதன் அளவு வெகுவாக இறங்கியது.

சிக்கலும் உண்டு. புகைக்குழாயிலிருந்து வருவது பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடு. ஓசோனோடு சேர்ந்த பிறகுதான் கருவிக்குத் தெரியும் வாயுவாக மாறும். இன்னும் மாறாமல் இருக்கும் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்று அசையாத நாளில் கணக்கே நிற்காது. மேகம் திரண்டாலும் தொல்லைதான். ஆகவே, கடற்காற்று எழுந்த பிறகு, இடிமழைக்கு முன்னால் சுற்றி முடிக்க வேண்டும். அதற்குள் கெப்போங் நெரிசலைத் தாண்டுவதுதான் பெரிய பாடு.