பெட்டி கடைசியில் வரட்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பட்ஜி வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வருகிற கேள்வி ஒன்று உண்டு. “ஆண் ஒன்று, பெண் ஒன்று வைத்திருக்கிறேன். முட்டை வைக்கிற பெட்டியும் மாட்டிவிட்டேன். இன்னும் முட்டை வைக்கவில்லையே, ஏன்?” லவ் பேர்ட்ஸ் என்று பலர் சொல்கிற அந்தச் சின்னக் கிளியைப் பற்றித்தான் பேசுகிறேன். முதுகெல்லாம் கோடு கோடாக, கன்னத்தில் ஒரு பொட்டோடு, நாள் முழுக்கக் கலகலவென்று பேசிக்கொண்டிருக்குமே, அதேதான்.

அந்தக் கேள்விக்கு நான் சொல்கிற பதில்: முதலில் பெட்டியைக் கழற்றுங்கள். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பெட்டி கடைசியில் வர வேண்டிய பொருள். அதற்கு முன்னால் ஆறு வார வேலையாவது இருக்கிறது. இன்றைக்கு அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்தப் பறவையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அதன் வறண்ட உட்பகுதிகளில் தண்ணீரையும் புல் விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலைகிற பறவை இது. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கக் கூண்டுகளுக்கு வந்தது. காட்டில் இது மாதம் பார்த்து முட்டை வைப்பதில்லை, மழை பார்த்து வைக்கிறது. மழை பெய்யும், புல் முளைக்கும், பால் பிடித்த இளம் விதை நிறையக் கிடைக்கும். அதைத் தின்று உடம்பு தேறிய பிறகுதான் மரப்பொந்து தேடிப் போகும். சாப்பாடு முதலில், பொந்து அப்புறம். நாம் கூண்டில் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். பொந்தை முதலில் கொடுத்துவிடுகிறோம். பெட்டியைப் பார்த்ததும் பெண்ணுக்கு முட்டை வைக்கும் ஆசை வந்துவிடும், உடம்பு தயாராக இருக்கிறதோ இல்லையோ.

ஒரு பட்ஜியின் எடை முப்பது, நாற்பது கிராம். முட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு கிராம். ஒன்றுவிட்டு ஒருநாள் என்று நான்கு, ஐந்து, ஆறு முட்டை வைக்கும். தன் எடையில் கால்வாசியைச் சில நாட்களுக்குள் முட்டையாக வெளியே தர வேண்டும். அதற்கான சுண்ணாம்புச் சத்து தீனியில் இல்லாவிட்டால் எலும்பிலிருந்துதான் எடுக்கும். அதுவும் போதாவிட்டால் முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டிக்கொண்டு ஒரு பெண் பட்ஜி முக்குவதைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். கதகதப்பாக வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு பொழுது தாமதித்தாலும் உயிர் போய்விடும்.

சரி, எந்தப் பறவையைத் தேர்ந்தெடுப்பது? முதலில் வயது. மூன்று, நான்கு மாதத்திலேயே அவை ஜோடி சேரப் பார்க்கும். விடக்கூடாது. குறைந்தது பத்து மாதம் ஆகட்டும், ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. குஞ்சாக இருக்கும்போது நெற்றிக் கோடுகள் மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கும், கண் முழுக் கறுப்பாக இருக்கும். முதல் இறகு உதிர்ந்த பிறகு நெற்றி வெறுமையாகும். அதன்பின் மெல்ல மெல்லக் கருவிழியைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். சில நிற வகைகளில் அந்த வளையம் வராது. ஆனாலும் பெரும்பாலான பறவைகளுக்கு வளையம் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள் என்று அர்த்தம்.

ஆணா பெண்ணா என்பதை மூக்கை வைத்துச் சொல்லலாம். அலகுக்கு மேலே, துவாரங்கள் இருக்கிற அந்தச் சதைப்பகுதியைத்தான் மூக்கு என்கிறேன். வளர்ந்த ஆணுக்குப் பளபளவென்று நீலம். பெண்ணுக்கு வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ இருந்து, முட்டைக்குத் தயாராகும்போது பழுப்பாக மாறிச் சொரசொரப்பாகும். உரிந்து விழுகிற பட்டை மாதிரி தெரியும், அது நோய் இல்லை. சிவந்த கண்ணுள்ள முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணின் மூக்கு பெரியதானாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதைப் பெண் என்று நினைத்து இரண்டு ஆண்களை ஒன்றாக வைத்துவிட்டு முட்டைக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

அப்புறம் உடல்நலம். பறவையைக் கையில் பிடித்து நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் அது இந்த முறை வேண்டாம். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா, அலகின் ஓரத்திலும் காலிலும் சுண்ணாம்பு பூத்த மாதிரிச் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் செதில் ஒரு வகைச் சிற்றுண்ணியால் வருவது, மற்றவற்றுக்கும் பரவும். புதிதாக வந்த பறவையை ஒரு மாதம் தனி அறையில் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கூடப் பிறந்தவற்றை ஜோடி சேர்க்க வேண்டாம். கொண்டையுள்ள இரண்டையும் சேர்க்க வேண்டாம். கரு முட்டைக்குள்ளேயே இறந்துபோக வாய்ப்பு உண்டு.

பெட்டி இன்னும் மாட்டவில்லை, அதை மறந்துவிடாதீர்கள்.

ஜோடியை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்? என்னைக் கேட்டால் பறவைதான். நான் ஆண்களை ஒரு கூண்டிலும் பெண்களை இன்னொன்றிலும் வைத்து, நடுவில் வலை மட்டும் இருக்கும்படி கொஞ்ச நாள் விடுவேன். என்னிடம் சாம்பல் நிறப் பெண் ஒன்று இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு ஊதா ஆணைச் சேர்க்கச் சொன்னார்கள், குஞ்சுகள் அழகாக வரும் என்று. அந்த ஊதா ஆணும் வலைக்குப் பக்கத்தில் வந்து நாளெல்லாம் பாடியது. இந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பார்வை முழுக்க வயதான ஒரு பச்சை ஆண்மேல் இருந்தது. ஒரு காலில் நகம்கூட இல்லாத பறவை அது. அது எந்தக் கம்பில் உட்கார்ந்ததோ, அதற்கு நேராக வலையில் வந்து இந்தப் பெண் தொற்றிக்கொள்ளும். பச்சை மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து வரும், தலை இறகு சிலிர்க்கும், கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும். வலை வழியாகவே பெண்ணின் அலகை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டித் தொண்டையிலிருந்து இரையைக் கக்கி ஊட்டியது. அதைப் பார்த்த பிறகு நான் யோசிக்கவே இல்லை. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டேன். அந்தப் பெண் பெட்டிக்குள் அடைகாத்த நாட்களில், பச்சை ஆண் வாசலை விட்டு அகலாமல் இரை ஊட்டியது. அடைகாக்கும் பெண் வெளியே வருவதே அபூர்வம், ஆண் ஊட்டினால்தான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் சொல்கிறேன், நிறத்தைப் பார்க்காதீர்கள், ஊட்டுகிறதா என்று பாருங்கள். ஊட்டாத ஜோடிக்குப் பெட்டி வேண்டாம்.

இப்போது தீனி. தினையும் கம்பும் மட்டும் போதாது. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, நன்றாகக் கழுவி, முளை எட்டிப் பார்க்கும்போது கொடுங்கள். மழைக்குப் பிறகு காட்டில் கிடைக்கிற இளம் விதைக்கு நாம் தரக்கூடிய மாற்று அதுதான். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாரத்தில் சில நாள் வேகவைத்த முட்டை, மசித்துக் கொஞ்சமாக. சில மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும். கீரை, கேரட் துருவல் தாராளமாகத் தரலாம். அவகாடோ கூடவே கூடாது, அது இவற்றுக்கு நஞ்சு. கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். அந்தச் சுண்ணாம்பு உடம்பில் சேர டி வைட்டமின் வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் சிறிது நேரம் கூண்டை வெளியே வையுங்கள், பாதிக்கு நிழல் இருக்கட்டும், பூனை கிட்டே வராமல் பக்கத்திலேயே இருங்கள். கூண்டில் கம்புகள் ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். கம்பு ஆடினால் இணைசேர்க்கை சரியாக நடக்காது, முட்டை கூமுட்டையாகிவிடும்.

இவ்வளவும் ஆகி, பெண்ணின் மூக்கு பழுப்பாகி, அது கம்பையும் காகிதத்தையும் கடித்துக் குதறத் தொடங்கினால், இப்போது மாட்டுங்கள் பெட்டியை. இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம், வாசல் ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாமல். அடிப்பலகையில் குழிவு கட்டாயம் வேண்டும். தட்டையாக இருந்தால் முட்டை உருண்டு ஓடும், குஞ்சுகளின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து அப்படியே ஊனமாகிவிடும். உள்ளே போடுகிற மரத்தூளைப் பெண் வாரி வெளியே எறியும். கவலைப்படாதீர்கள், அது வீட்டைத் தன் இஷ்டத்துக்குச் சரிசெய்கிறது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கூட்டமாக வளர்ப்பவர்களுக்கு மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோடி இல்லாத பெண் ஒன்றுகூட அங்கே இருக்கக் கூடாது. அது அடுத்த பெட்டிக்குள் புகுந்து குஞ்சைக் கொன்றுவிடும். பெட்டிகள் ஜோடிகளைவிட அதிகமாகவும், எல்லாம் ஒரே உயரத்திலும் இருக்கட்டும். முட்டை பொரிய ஏறக்குறைய பதினெட்டு நாள், குஞ்சு வெளியே வர இன்னும் ஒரு மாதத்துக்குமேல். இரண்டு ஈடு, அதாவது இரண்டு முறை முட்டை வைத்துக் குஞ்சு பொரித்து முடிந்ததும் பெட்டியைக் கழற்றி, ஆணையும் பெண்ணையும் பிரித்து, சில மாதம் ஓய்வு கொடுங்கள். குஞ்சுகள் யாரிடம் போகும் என்பதைப் பெட்டி மாட்டுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.