மூன்று லட்சம் பேருக்குப் பரவியவன் பேசுகிறேன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் எதிரணிக்கும் வணக்கம். ஆறு நிமிடத்தில் வணக்கத்துக்கு இவ்வளவுதான் ஒதுக்க முடியும்.

தலைப்பு: இணையத்தில் ஒன்று கிடுகிடுவெனப் பரவுவதற்கு உலகம் வைத்திருக்கும் ‘வைரல்’ என்ற பெயர் பாராட்டா, எச்சரிக்கையா? எச்சரிக்கையே என்பது எங்கள் அணி. லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. சொல் அங்கிருந்து மருத்துவத்துக்குப் போனது, 1990களில் விளம்பரத் துறைக்கு வந்தது, பிறகு நம் கைப்பேசிக்குள் குடியேறியது. நஞ்சைப் பெயரில் வைத்துக்கொண்டு பாராட்டு என்றால் எப்படி? வாதம் முடிந்தது. இனி, எதிரணித் தலைவர் என்னைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன்.

என்ன சொன்னார்? “இவர் பதிவுக்கு விழும் விருப்பங்கள் இரண்டு. ஒன்று அவரே போட்டது, மற்றது அவர் மனைவி கைதவறி அழுத்தியது. வைரல் ஆகாதவருக்கு வைரல் நோயாகத்தான் தெரியும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். என் மைத்துனர்.

ஐயா, நான் வைரல் ஆனவன்! போன ஆண்டு, இதே போன்ற ஒரு மேடை. பேசி முடித்தேன். நல்ல கைதட்டு. ஒலிவாங்கியைப் பிடித்தபடியே “அனைவருக்கும் நன்றி” என்று சொல்லிக்கொண்டே உட்காரப் போனேன். யாரோ ஒரு புண்ணியவான் நாற்காலியை நகர்த்தியிருந்தார். ‘அனைவருக்கும்’ என்பதை மேடையிலிருந்து சொன்னேன். ‘நன்றி’ என்பதைத் தரையிலிருந்து சொன்னேன். ஒலிவாங்கியை மட்டும் விடவில்லை, தொழில் பக்தி! மொத்தம் பதினொரு நொடி. நான் விழுந்தது ஒரே முறை. மறுநாள் மாலைக்குள் மூன்று லட்சம் முறை விழுந்திருந்தேன்.

என் மகள் உற்சாகத்தில் என் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். “பாட்டி, அப்பா வைரல் ஆகிவிட்டார்!”

அம்மா பதறிப்போய், “எத்தனை நாளாக?” என்றார்.

“நேற்று ராத்திரியிலிருந்து.”

“வேறு யாருக்காவது பரவியிருக்கிறதா?”

“மூன்று லட்சம் பேருக்கு, பாட்டி!”

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு மெல்லக் கேட்டார்: “அத்தனை பேருக்கும் உன் அப்பனிடமிருந்தா?”

மகள் பெருமையாக, “ஆமாம் பாட்டி, இன்னும் பரவிக்கொண்டே இருக்கிறது!” என்றாள். நடுவர் அவர்களே, அந்த நிமிடம் என் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! பெற்ற பிள்ளை மூன்று லட்சம் பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கிறான். உடனே என்னை அழைத்தார். “ஏம்பா, வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாதா? எதற்கு ஊரெல்லாம் சுற்றினாய்?” விளக்கினேன். “அம்மா, இது காய்ச்சல் இல்லை, காணொளி.” “கண்ணிலும் வந்துவிட்டதா?” என்றார்!

சிரிக்கிறீர்கள். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டதும் அதன் உண்மைப் பொருளைப் பிடித்தவர் இந்த அவையில் இல்லாத என் அம்மா ஒருவர்தான். நாம்தான் காய்ச்சலைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மற்ற பெயர்களைப் பாருங்களேன். ‘வெடித்துவிட்டது’ என்கிறார்கள். ‘இணையத்தையே உடைத்துவிட்டார்’ என்கிறார்கள். ‘காட்டுத்தீ’ என்கிறார்கள். விருப்பங்களைவிடத் திட்டும் மறுமொழிகள் கூடிப்போனால் அதற்கு ‘ரேஷியோ’ என்று பெயர். இணையத்துக்கு நாள்தோறும் ஒரு ‘மெயின் கேரக்டர்’, அதாவது அன்றைக்கு எல்லோரும் கூடித் திட்டும் ஆள், உண்டு, அது நாமாக இருந்துவிடக் கூடாது என்று அங்கேயே புழங்குகிறவர்கள்தான் வேண்டிக்கொள்கிறார்கள். நோய், வெடி, தீ, உடைப்பு. இதில் பாராட்டு எங்கே இருக்கிறது?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் புலமையோடு, “தமிழில் இதற்கு ‘அலர்’ என்று பெயர், மலர்வது என்று பொருள்” என்றார். அழகு. முணுமுணுப்பாக மொட்டுவிடும்போது அம்பல், ஊரறிய விரிந்தால் அலர். ஆனால் மலர்ந்தது பூ அல்ல ஐயா, காதலர்களைப் பற்றி ஊர் பேசும் பழிச்சொல்! திருக்குறளின் 115ஆம் அதிகாரமே அலரைப் பற்றியதுதான். அந்த அதிகாரத்தில் காதலர்கள் அலரைக் கொஞ்சம் விரும்பவும் செய்கிறார்கள். அதை எதிரணி எடுத்துச் சொல்வதற்குள் நான் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறேன்.

‘கங்னம் ஸ்டைல்’ என்ற தென்கொரியப் பாடல் காணொளியைச் சொன்னார்கள். 2012இல் யூடியூபில் முதன்முதலாக நூறு கோடி பார்வையைத் தொட்டது. 2014 டிசம்பரில், பார்வைகளை எண்ணும் எண்ணியின் பழைய உச்சவரம்பான 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647ஐ அது தாண்டியது, அதற்காக முன்கூட்டியே எண்ணியையே பெரிதாக்கியிருந்தார்கள். எல்லாம் உண்மை. நான் 2019 ஜனவரிக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு முட்டையின் படம். வெறும் முட்டை. அதுவரை முதலிடத்தில் இருந்த, அமெரிக்கப் பிரபலம் கைலி ஜென்னரின் பதிவு பெற்ற ஒரு கோடியே 80 லட்சம் விருப்பங்களை அது முந்தியது. அடுத்த மாதம் ஒரு காணொளி வந்தது. சமூக ஊடகத்தின் அழுத்தம் தாங்கவில்லை என்று சொல்லி, அந்த முட்டை விரிசல் விட்டு உடைந்தது. மனநல விழிப்புணர்வுக்காகச் செய்தார்கள். ஓடு இருந்த முட்டைக்கே அந்தக் கதி. எனக்கு ஓடும் கிடையாது.

அந்தப் பதினொரு நொடிக்கு வந்த கருத்துகளை இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். படிக்கக் கூடாது, படித்தேன். ‘தரைமட்ட நன்றியுரை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல வரிதான், நானே சிரித்தேன். ஆனால் இடுப்பில் வலி. ஆயிரக்கணக்கான கருத்துகளில், அடிபட்டதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஒருவழியாக மகள் பாட்டியிடம் காணொளியைக் காட்டினாள். வீடே சிரித்தது. அம்மா கேட்டார்: “எந்த இடுப்பு? வலதா, இடதா?”

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் கைப்பேசியில் அந்தக் காணொளி இருக்கிறது. பேத்தியிடம் சொல்லி வெட்டச் செய்து, நான்கு நொடியாக வைத்திருக்கிறார். அதில் நான் ஒலிவாங்கியோடு நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். “மீதி எங்கே அம்மா?” என்று கேட்டேன். “மீதியில் நீ விழுந்துவிடுகிறாய், அது எனக்கு எதற்கு?” என்றார். தினமும் இரவில் பார்க்கிறாராம்.

இதற்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று நடுவர் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை ஐயா. மணியில் கை வைத்துவிட்டீர்கள், உட்காரப் போகிறேன். நாற்காலி அதே இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.