அக்கா வீட்டுச் சோறும் அக்காவின் பங்கும்

(மேல்படிப்புக்காக வெளிநாடு செல்லும் மாணவர்களுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் நடந்த வழியனுப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மஞ்சள் வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, எனக்கு முன்னால் வாழ்த்துரை வழங்கி என் பேச்சில் பாதியை மிச்சப்படுத்திக் கொடுத்த நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்த அண்ணா அவர்களே! அவர் பெயரைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், சொல்லாவிட்டால் அவர் வீட்டம்மா கோபித்துக்கொள்வார். வீட்டம்மாவிடம் நான் பிற்பாடு பேசிக்கொள்கிறேன். மூன்றாம் வரிசையில் என் தமிழய்யா உட்கார்ந்திருக்கிறார். ஐயா, பிழை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், மைக்கில் வேண்டாம். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் கண்ணுகளே, அவர்களைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

உடன்பிறந்தவர் வீட்டில் தங்கி அயல்நாட்டில் காலூன்றுவது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. ஐந்து செய்தி சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: விலாசம், அடுக்களை, காசு, மொழி, குளிர். நான் பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் பத்திரத்தில் எழுதினால்தான் நம்புவேன் என்று என் வீட்டில் குறைபட்டுக்கொள்வார்கள். அதனால் விலாசத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் ஜெர்மனி போகிறார்கள். அங்கே ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். தங்க இடம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் பதிய மாட்டார்கள். வங்கிக் கணக்கு, வரி எண், தங்கும் அனுமதி எல்லாம் பெரும்பாலும் இந்தப் பதிவுக்குப் பின்னால்தான் நகரும். "என்ற அக்கா வீடுதானுங்க, எனக்கெதுக்குக் கடுதாசி" என்று அங்கே கேட்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர் தன் பெற்றோரையும் பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் அனுமதி வேண்டியதில்லை. கூடப்பிறந்தவரைக் குடிவைக்க அனுமதி கேட்டாக வேண்டும். வயிற்றில் பிறந்தது வேறு, கூடப்பிறந்தது வேறு என்று அந்த ஊர்ச் சட்டமே கோடு போட்டு வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ஒருபடி மேலே போனவர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்றார்கள். தாய்க்கும் பிள்ளைக்குமே அப்படி என்றால் அக்காவுக்கும் தம்பிக்கும் எப்படி? இதை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இன்னொன்று. அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் வந்து சேரும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். பெயர் இல்லையா, வந்த வழியே போய்விடும். ஆகவே போய் இறங்கியதும் அக்கா பெயருக்குக் கீழே உங்கள் பெயரை ஒட்டச் சொல்லுங்கள்.

அடுக்களைக்கு, அதாவது வீட்டு வேலைக்கு வருவோம். ஒரு பையன் கதை சொல்கிறேன். அவன் விடுமுறைக்கு வந்து இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்ல மாட்டேன், யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இவன் அக்காவும் மச்சானும் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறார்கள். இருவருக்கும் வேலை. தம்பி படிக்கப் போனான். முதல் வாரம் ராஜ உபசாரம். அரிசியும் பருப்பும் சோறு, கொள்ளு ரசம், ஊரிலிருந்து கொண்டுபோன கச்சாயம். அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பில் வாரம் ஒரு வீட்டுக்காரர் படிக்கட்டையும் நடையையும் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு அட்டை தொங்கும். கேர்வோஹே என்பார்கள். அங்கே அது பல நூற்றாண்டுப் பழக்கம். நம் பையன் போன இரண்டாம் வாரம் அட்டை அக்கா வீட்டுக் கதவில் தொங்குகிறது. அக்கா வேலையாக வெளியூர் போயிருக்கிறாள், மச்சான் ராத்திரி ஷிப்ட். இவன் ஏதோ அலங்காரம் என்று நினைத்து அட்டையைத் தாண்டிப் போகிறான், வருகிறான்.

சனிக்கிழமை மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டுப் பாட்டி. ஒரு கையில் சீமாறு, இன்னொரு கையில் வாளி. அட்டையைக் காட்டுகிறார், படிக்கட்டைக் காட்டுகிறார், என்னவோ சொல்கிறார். இவன் இங்கே வகுப்புக்குப் போய்ப் படித்த ஜெர்மன் முழுவதும் அந்த நிமிடத்தில் மறந்துபோய், மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்: "யா." அதற்கு ஆமாம் என்று பொருள். பாட்டி என்ன கேட்டாலும் யா. பாட்டி சிரித்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார், போய்விட்டார். இவனும் ஒரு மாதிரிப் பெருக்கி முடித்தான்.

அடுத்த சனிக்கிழமை பாட்டி மறுபடியும் வந்து நிற்கிறார், சீமாறோடு! மச்சான்தான் விசாரித்துச் சொன்னார்: "மாப்ள, அவங்களுக்கு முட்டி வலியாம். அவங்க முறையையும் நீ செஞ்சு தர்றியான்னு கேட்டிருக்காங்க. நீ ஆமான்னுட்டியாம்."

அதன் பிறகு பாட்டி வீட்டுச் சீமாறு இவன் கையில்தான். பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் பேசுவார், இவன் பெருக்கிக்கொண்டே பதில் சொல்வான். இங்கே காசு கட்டிப் படித்ததைவிட அங்கே பெருக்கிப் படித்த ஜெர்மன்தான் நிலைத்தது. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கப் போனபோது, "நல்ல பையன், இருக்கட்டும்" என்று சிபாரிசு செய்ததும் அந்தப் பாட்டிதான். மொழி என்ற நான்காவது செய்தி இதிலேயே அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு. பையன் சீமாறோடு நிற்கிறான். அம்மாவுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. "ஏன் அம்மிணி, என்ற பையனைச் சீமாறு புடிக்க வெச்சுட்டியே!" என்று மகளிடம் அழுகை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்த அம்மிணி இங்கே பள்ளிக்கூடம் போகும் காலத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்து வாசல் கூட்டிச் சாணி தெளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அதற்கு யார் அழுதார்கள்?

காசு விஷயம். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் பெரும்பாலும் வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். அக்கா வீட்டில் தங்குகிறோம், அந்தக் காசு மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் மாதமே உட்கார்ந்து, வாடகையில் இவ்வளவு, மளிகையில் இவ்வளவு என்று பேசிவிடுங்கள். அக்கா வேண்டாம் என்பாள். மச்சானும் வேண்டாம் என்பார், அவர் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. காசைப் பேசிவிட்ட வீட்டில்தான் சாப்பாட்டு மேசையில் சிரிப்பு இருக்கும்.

அந்தப் பையன் கதையில் இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வந்தது. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, குளிரை விட்டுவிடுகிறேன், கம்பளி வாங்கினால் போதும்.

படிப்புக் கடனை அடைக்கத் தோட்டத்தில் கொஞ்சம் விற்கலாம் என்று ஊரில் முடிவு செய்தார்கள். அப்பா காலமாகிவிட்டார். உறவில் ஒரு பெரியவர் யோசனை சொன்னார்: "எதுக்குத் துண்டு துண்டாக் கையெழுத்து? பொம்பளப் புள்ளைகிட்ட மொத்தத்துக்கும் ஒரே விடுதலைப் பத்திரம் வாங்கிடலாம்." சொத்தில் என் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். அக்கா அங்கே இருப்பதால் மியூனிக்கில் உள்ள நம் துணைத்தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்லி, மாதிரி நகல் போய்ச் சேர்ந்தது. தபாலைப் பிரித்தது தம்பி. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தான்? அக்கா தன் பெயருக்குக் கீழே இவன் பெயரை ஒட்டி வைத்த பெட்டியிலிருந்து. வாடகை வீட்டில் அவள் இவனுக்கு இடம் கொடுத்தாள். ஊரில் பட்டாவிலிருந்து அவள் பெயரை எடுக்க இவன் பெயரால் காகிதம் வருகிறது!

எத்தனை அக்கா தங்கைகள் என் மேசைக்கு முன்னால் நின்று, "சம்மதமா அம்மா?" என்று கேட்டதற்கு, "அண்ணன் சொன்னாருங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்! நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு முடிந்தது என்பது நம் நாட்டு வழக்கம். தம்பி கல்யாணத்தில் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீருக்கு அக்கா வேண்டும். பாகப்பிரிவினையில் மட்டும் அக்கா வேண்டாமா? பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட இயக்கத்தை நடத்தியவர் நம்ம ஈரோட்டுக்காரர். 1989-இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. அதற்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்கு அதில் இடம் இல்லை. அந்தக் குறையை இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 2005 மத்தியத் திருத்தம் நீக்கியது. பூர்வீகச் சொத்தில் மகனைப்போல மகளும் பிறப்பாலேயே பங்காளி. அந்தத் திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு! பேசும்போது ஒரே ரத்தம், பதியும்போது வேறு வயிறா?

பையன் என்ன செய்தான்? ஊருக்குப் போன் போட்டு, "அக்கா கையெழுத்துப் போடாது. விக்கற துண்டுல அக்கா பங்குக் காசு அக்கா கணக்குக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டான். பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு இவன் எடுத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டவும் இல்லையாம். பத்திரம் மட்டும் அக்கா பெயரும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

பந்தி தயார் என்று சீட்டு வந்திருக்கிறது. வாசலில் நாங்கள் ஒரு மேசை போட்டிருக்கிறோம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கப்பட்ட பெண்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். வழக்கறிஞர் இருவர் மூன்று மணி வரை இருப்பார்கள், கட்டணம் கிடையாது. பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள். வெளிநாட்டில் அக்கா இருக்கிற தம்பிகள் அவரையே போனில் பிடித்துப் பேச வைத்தாலும் சரி. வணக்கம்.