ஆர்த்துவா சீமை யாருக்கு?

அவையோருக்கு வணக்கம்.

இடைக்காலப் பிரெஞ்சுப் பிரபு குடும்பம் ஒன்றின் கொடிவழியைக் கையில் எடுத்தால், யாருக்கு யார் பிறந்தார் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யார் எப்போது இறந்தார் என்று பாருங்கள். தகப்பன் இருக்கும்போதே மகன் போய்விட்டானா, தகப்பனுக்குப் பிறகா? நாலு வருட இடைவெளியில் ஒரு சீமையே கைமாறும். வடபிரான்சின் ஆர்த்துவா அப்படித்தான் கைமாறியது.

1237ல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி தன் தம்பி ரொபேருக்குப் பங்காகக் கொடுத்த சீமை அது. தம்பி 1250ல் எகிப்தின் மன்சூராவில் மாண்டார். அவர் மகன் இரண்டாம் ரொபேர் 1302 ஜூலை 11 அன்று கூர்த்ரே போர்க்களத்தில் விழுந்தார். அவருடைய மகன் பிலிப் 1298லேயே இறந்திருந்தார். உரிமை கேட்டு நின்றவர்கள் இருவர்: இரண்டாம் ரொபேரின் மகள் மாஹோ ஒருவர்; பிலிப்பின் மகன், 1287ல் பிறந்த மூன்றாம் ரொபேர் மற்றவர்.

பேரனுக்குத்தானே என்று தோன்றும். ஆர்த்துவாவின் வழமை, அதாவது அந்தச் சீமையின் மரபுச் சட்டம், அதை ஏற்கவில்லை. அங்கே இறந்த மகனின் இடத்தில் அவன் பிள்ளை ஏறி நிற்க முடியாது. பிரபு இறந்த அன்று உயிரோடிருப்பவர்களில் நெருங்கியவருக்கே சொத்து. மகள் ஒரு தலைமுறை தூரம், பேரன் இரண்டு தலைமுறை. பெண்ணுக்கு ஆட்சி உண்டா என்ற கேள்வி இந்த வழக்கில் எடுபடவே இல்லை. பிரபுக்களின் நிலம் பெண்களுக்குப் போவது பிரான்சில் சாதாரணம். ஆண் வாரிசுக்கு மட்டும் என்று வேண்டுமானால் அதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். 1314ல் அரசர் நான்காம் பிலிப் புவாத்து சீமைக்கு அப்படி எழுதினார்.

1309ல் தீர்ப்பு மாஹோவுக்கு. பேரன் ஆயுதம் எடுத்துப் பார்த்தார்; 1318ல் மறுபடியும் மாஹோவுக்கே. 1328ல் தன் மைத்துனர் ஆறாம் பிலிப் பிரெஞ்சு அரியணை ஏறியதும் ரொபேர் மூன்றாம் முறையாக வழக்கைக் கிளப்பினார்.

இந்த முறை கையில் பத்திரங்கள் இருந்தன. தன் பெற்றோரின் திருமண ஒப்பந்தத்திலேயே தாத்தா ஆர்த்துவாவைப் பிலிப்புக்கும் அவர் வாரிசுகளுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டார் என்றன அவை. சட்டப்படி இது கூர்மையான வாதம் என்பேன். வழமை பேரனைக் கைவிடும் இடத்தில் திருமண ஒப்பந்தம் அவனைக் காப்பாற்றும்; விவரம் தெரிந்த குடும்பங்கள் அந்த ஷரத்தை முதலிலேயே போட்டுவைத்தார்கள். ஆனால் இந்தப் பத்திரங்கள் போலி. அக்காலத்தில் பத்திரத்துக்கு உயிர் கையெழுத்தில் இல்லை, தோலில் தொங்கும் மெழுகு முத்திரையில் இருந்தது. ஆகவே பழைய, உண்மையான சாசனத்திலிருந்து முத்திரையைக் கழற்றிப் புதிதாக எழுதியதில் பொருத்தினார்கள். முத்திரை அசல், எழுத்து கள்ளம். தயாரித்துக் கொடுத்த ழான் தெ திவியோன் என்ற பெண் விசாரணையில் ஒப்புக்கொண்டார், 1331ல் எரிக்கப்பட்டார். 1332ல் நாடுகடத்தப்பட்ட ரொபேர் பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1337ல் தென்மேற்குப் பிரான்சில் இங்கிலாந்து அரசர் கையில் இருந்த கஸ்கோனியைப் பறிமுதல் செய்தபோது, அந்த அரசர் மூன்றாம் எட்வர்டு இவருக்கு இடம் கொடுத்ததையே பிரெஞ்சு அரசர் காரணமாகக் காட்டினார். இரு நாடுகளுக்கும் இடையே நூறாண்டுப் போர் தொடங்கியது.

வழமை நாட்டுக்கு ஒன்று அல்ல, சீமைக்கு ஒன்று. இதை மறந்தால் அடுத்த வழக்கு குழப்பிவிடும். 1341ல் வடமேற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் சீமையை ஆண்ட டியூக் மூன்றாம் ழான் பிள்ளையில்லாமல் இறந்தார். ஒரு பக்கம், முன்பே இறந்த உடன்பிறந்த தம்பியின் மகள் பாந்தியேவ்ரு ழான். மறுபக்கம், உயிரோடிருந்த மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி மோன்ஃபோர். ஆர்த்துவா விதிப்படி தம்பிக்குப் போயிருக்கும். ஆனால் பிரெத்தாஞ் வழமையில் பிள்ளை தகப்பன் இடத்தில் நிற்கலாம். செப்டம்பர் 7 அன்று அதே ஆறாம் பிலிப்பின் அவை பாந்தியேவ்ரு ழானின் கணவர் சார்ல் தெ புளுவா பக்கம் தீர்ப்பளித்தது. மோன்ஃபோர் தரப்பு ஏற்கவில்லை. 1364ல் ஓரே என்ற ஊரில் நடந்த போரில் சார்ல் கொல்லப்படும்வரை சண்டை ஓயவில்லை. 1365 கெராந்து உடன்படிக்கையில் சீமை மோன்ஃபோர் குடும்பத்துக்குப் போனது. அவர்களுக்கு ஆண் வாரிசு அற்றால் பாந்தியேவ்ரு குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஷரத்து. 1480ல் பதினோராம் லூயி அந்த உரிமையை அக்குடும்பத்திடம் விலைக்கு வாங்கினார். எட்டே வருடத்தில் மோன்ஃபோர் வழியின் கடைசி டியூக் பெண்பிள்ளைகளை மட்டும் விட்டு இறந்தார்.