மோனா லிசா எத்தனை பேர்?

அனைவருக்கும் வணக்கம்.

திரையில் மூன்று படங்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்து மோனா லிசா. இடப்பக்கம் இருப்பது மாட்ரிட் நகரில் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள படம். வலப்பக்கம் இருப்பதை ஐல்வொர்த் மோனா லிசா என்பார்கள். அது தனியாருக்குச் சொந்தமானது. மூன்றிலும் ஒரே பெண், கைமேல் கை வைத்து அமர்ந்திருக்கிறாள். வலப்பக்கத்துப் படமும் லியனார்டோ டா வின்சி வரைந்ததுதான், அதுவும் லூவர் படத்துக்கு முன்பே வரைந்தது என்று அதை வைத்திருப்பவர்கள் வாதாடுகிறார்கள். பிராடோ தன் படத்தை லியனார்டோவின் கைவேலை என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் லியனார்டோ எப்படி வேலை செய்தார் என்பதை நமக்கு அதிகமாகக் காட்டிக்கொடுப்பது பிராடோ படம்தான். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் ஐல்வொர்த் படத்துக்கு ஆதரவாக உள்ள வாதங்களை மரியாதையோடு கேட்போம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, ஹியூ பிளேக்கர் என்ற கலைச் சேகரிப்பாளர் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் இருந்த ஒரு பெரிய வீட்டிலிருந்து இதை வாங்கினார். லண்டன் பக்கம் ஐல்வொர்த்தில் அவருடைய ஓவியக்கூடம் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2012 செப்டம்பரில் ஜெனீவாவில் இதை உலகுக்குக் காட்டியபோது முன்வைத்த வாதங்கள் லேசானவை அல்ல. லியனார்டோ நான்கு ஆண்டுகள் வேலை செய்தும் லிசாவின் படத்தை முடிக்காமல் விட்டார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி 1550இல் எழுதினார். லூவர் படம் முடிந்த படம். ஐல்வொர்த்தின் பின்னணியோ அரைகுறையாக நிற்கிறது. 1504ஐ ஒட்டி, அப்போது இளைஞராக இருந்த ஓவியர் ரஃபேல் இதே அமைப்பில் வரைந்த கோட்டோவியம் ஒன்று லூவரில் இருக்கிறது. அதில் பெண்ணின் இருபுறமும் தூண்கள் உண்டு. ஐல்வொர்த்திலும் தூண்கள் உண்டு. லூவர் படத்தின் ஓரங்களில் தூண்களின் அடிப்பீடம் மட்டும் துளி தெரிகிறது.

அப்புறம் ஒரு வலுவான வாதம். 1517இல் பிரான்சில் முதுமையில் இருந்த லியனார்டோவைப் பார்க்கப் போன கர்தினாலின் செயலாளர் அந்தோனியோ தெ பெயாட்டிஸ், அங்கே கண்ட ஒரு ஃபுளோரன்ஸ் பெண்ணின் படம் ஃபுளோரன்ஸை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஜூலியானோ தெ மெடிச்சி கேட்டு வரைந்தது என்று குறித்து வைத்தார். வசாரியோ, லிசாவின் கணவர் பிரான்செஸ்கோ தெல் ஜொகோந்தோவுக்காக வரைந்தது என்கிறார். அப்படியானால் இரண்டு படங்களா? இந்த முரண்பாடு உண்மையானது, இன்னும் தீராதது. ஆனால் இரண்டு படங்கள் இருந்திருக்கலாம் என்பது வேறு. அந்த இரண்டாவது படம் இதுதான் என்பது வேறு. பலர் இந்த இடத்தில்தான் ஒரு படி தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

வசாரியின் சாட்சியத்தையும் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லியனார்டோ 1519இல் இறந்தபோது வசாரி சிறுவன். அந்தப் படத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவரைவிட நல்ல சாட்சி 2005இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. அகோஸ்தினோ வெஸ்புச்சி என்ற ஃபுளோரன்ஸ் அரசு அலுவலர், தன்னிடம் இருந்த, பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கடிதங்களின் அச்சுப்பிரதியில், பக்க ஓரத்தில், லியனார்டோ லிசா தெல் ஜொகோந்தோவின் தலையை வரைந்துகொண்டிருக்கிறார் என்று 1503 அக்டோபரில் எழுதியிருக்கிறார். வரைந்தது யாரை, எப்போது என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு குறிப்பு பதில் தந்துவிட்டது. எந்தப் பலகையில், எந்தத் துணியில் என்று மட்டும் அது சொல்லவில்லை.

தூண்களை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய நகலிலும் தூண்கள் இருக்கின்றன. அதை லியனார்டோவின் படம் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, அறிவியல் பரிசோதனை? ஐல்வொர்த் படம் வரைந்திருக்கும் துணியின் வயதை சூரிச்சில் கார்பன் முறையில் கணித்தார்கள். 1410க்கும் 1455க்கும் இடையில் என்று வந்தது. செய்தித்தாள்கள் இதைப் பெரிய ஆதாரமாகப் போட்டன. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லியனார்டோ பிறந்ததே 1452இல். 1503இல் அவர் இதை வரைந்திருந்தால், ஐம்பது ஆண்டு பழைய துணியில் வரைந்தார் என்று ஏற்க வேண்டும். அதை ஏற்றுவிட்டால், அதே பழைய துணியில் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவரும் வரைந்திருக்கலாம் என்பதை எப்படி மறுப்பது? துணியின் வயது துணிக்குத்தான் வயது. இன்னொன்று, லியனார்டோவின் உருவப்படங்களாக நாம் அறிந்தவை எல்லாம் மரப்பலகையில் வரைந்தவை; இது துணியில் இருக்கிறது.

இப்போது இடப்பக்கம் வாருங்கள். பிராடோ படம் நீண்ட காலம் யாரும் பொருட்படுத்தாத நகலாகத் தொங்கியது. பெண்ணுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. 2012இல் அந்தக் கறுப்பை அகற்றியபோது அடியில் மலையும் நீரும் வளைந்த பாதையும் பளிச்சென்று வெளிப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய செய்தியை அகச்சிவப்புக் கதிர்ப் படம் தந்தது. லூவர் படத்தின் வண்ணத்துக்கு அடியில் லியனார்டோ மனம் மாறித் திருத்திய கோடுகள் இருக்கின்றன: இடுப்பு, விரல்கள், தலைத்துணியின் விளிம்பு. அதே திருத்தங்கள் பிராடோ படத்தின் அடியிலும் இருக்கின்றன.

இதன் பொருளை நிறுத்தி யோசிக்க வேண்டும். முடிந்த படத்தைப் பார்த்து நகல் எடுப்பவருக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். வண்ணத்துக்குள் புதைந்த திருத்தம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆக, குரு ஒரு கோட்டை மாற்றும்போது பக்கத்தில் இருந்த மாணவரும் தன் பலகையில் மாற்றியிருக்கிறார். அது லியனார்டோவின் மாணவர்களான சலாய், மெல்சி இருவரில் ஒருவரா, வேறொருவரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரைவிட, ஒரே பட்டறையில் இரண்டு பலகைகள் அருகருகே வளர்ந்தன என்பதுதான் சிலிர்ப்பைத் தருகிறது. வால்நட் பலகை, நீலத்துக்கு லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல் என்று விலை உயர்ந்த பொருள்களையே பயன்படுத்தியிருக்கிறார்கள். புருவம் இருக்கிறது, வசாரி வர்ணித்த அந்தப் புருவத்தை லூவரில் இன்று காண முடியாது. மங்கிய வார்னிஷுக்கு அடியில் லூவர் படம் இழந்த தெளிவை இங்கே பார்க்கிறோம்.

ஐல்வொர்த் படத்திடம் நான் கேட்பது இந்தச் சாட்சியத்தைத்தான். முந்தைய படம் என்றால், தேடலின் தடம் அடியில் இருக்க வேண்டும். வரைந்து, அழித்து, நகர்த்திய கோடுகள் வேண்டும். வெளியான அகச்சிவப்பு, எக்ஸ்ரே படங்கள் லியனார்டோவின் கையைக் காட்டவில்லை என்று லியனார்டோ ஆய்வில் மூத்தவரான மார்ட்டின் கெம்ப் 2012இலேயே சொன்னார். தலைத்துணி, முடி, கைகளின் அமைப்பு ஆகியவற்றை வரைந்தவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னார். படத்தை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு குறைபட்டது. அந்தக் குறை நியாயமானது. அதைத் தீர்க்கும் வழியும் உரிமையாளர்கள் கையில்தான் இருக்கிறது: படத்தைத் தங்களோடு தொடர்பில்லாத ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பட்டும். அடிக்கோடுகளின் படங்களை முழு அளவில், ஒன்று விடாமல் வெளியிடட்டும். லூவர், பிராடோ படங்களின் கோடுகளோடு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க அனுமதிக்கட்டும். அங்கே லியனார்டோவின் தயக்கம் தெரிந்தால், ஏற்றுக்கொள்ளும் முதல் வரிசையில் நான் இருப்பேன்.