கடற்கரைச் செடியும் காலண்டர் தாளும்

நேயர்களுக்கு வணக்கம். கழிவுக் காகிதத்தில் அலங்காரச் செடி செய்வது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். கைவேலையை வானொலியில் சொல்வது கொஞ்சம் சிக்கல்தான். "இப்படி மடிங்க, அப்படி வெட்டுங்க" என்று காட்ட வழியில்லை. அதனால் நீங்கள் தினமும் பார்க்கிற செடிகளையே எடுத்துக்கொள்கிறேன். செடி உங்கள் கண்ணில் இருந்தால் போதும், மீதியை நான் வாயால் சொல்லிவிடுவேன்.

நான் பரமக்குடிப் பக்கம் பிறந்து, மண்டபம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அம்மா வீட்டிலிருந்து ரோஜாப் பதியன் கொண்டு வருவேன். எங்கள் கிணற்றில் உவர்த் தண்ணீர். பத்து நாளில் இலை ஓரம் கருகும், மாதம் முடிவதற்குள் குச்சிதான் நிற்கும். நல்ல தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்குகிற ஊரில் ரோஜாவுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? அப்படித்தான் காகிதப் பூவுக்கு வந்தேன். அங்கேயும் முதலில் ரோஜாதான் செய்தேன். கடையில் கலர் தாள், பச்சை டேப், கம்பி எல்லாம் வாங்கி. பக்கத்து வீட்டு மதினி பார்த்துவிட்டு, "இதுக்குப் பிளாஸ்டிக் பூவே வாங்கியிருக்கலாமே, காசு மிச்சமாயிருக்கும்" என்றார். சரியான பேச்சு. கழிவுத் தாளில் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் அது கழிவு வேலை இல்லை.

அந்த ரோஜாக்களை முடித்துவைத்தது உப்புக் காற்று. கட்டுக்கம்பியில் காம்பு வைத்திருந்தேன். ஐப்பசி வாடை அடிக்க ஆரம்பித்ததும் கம்பி துருப்பிடித்து, ஒவ்வொரு பூவாகத் தலை தொங்கி விழுந்தது. தாளோ ஈரத்தை உறிஞ்சி அப்பளம் நமுத்த மாதிரி ஆகிவிட்டது. மதுரையில் கூடத்தில் வைத்தால் ஐந்து வருஷம் இருக்கிற பொருள், நம் கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஆகவே முதல் பாடம், கம்பியே வேண்டாம். தென்னை ஈர்க்கு இருக்கிறது, பனை ஈர்க்கு இருக்கிறது, அறுந்துபோன வலைக்கயிறு வீட்டுக்கு வீடு கிடக்கிறது. எதுவும் துருப்பிடிக்காது.

அடப்பங்கொடியில் தொடங்குங்கள். மணலில் படர்ந்து கிடக்கும், அலை வந்து தொடுகிற இடம் வரைக்கும் ஓடும். சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடியது இதைத்தான். இலை நுனி இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்து மான் குளம்பு என்றார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆட்டுக்கால் என்கிறார்கள். பழைய காலண்டர் தாளை இரண்டாக மடித்து, மடிப்பு உங்கள் இடது கைப்பக்கம் இருக்க, பாதி இலையை வெட்டுங்கள். மேலே முடிக்கும்போது மடிப்பை நோக்கிக் கத்தரியைச் சற்றுக் கீழே இறக்குங்கள். விரித்தால் குளம்பு வந்துவிடும். இலைகளை ஈர்க்குத் துண்டில் ஒட்டி, வலைக்கயிற்றில் கணுவுக்கு ஒன்றாகக் கட்டுங்கள். பூ புனல் மாதிரி இருக்கும். இளஞ்சிவப்புக் கல்யாணப் பத்திரிகை உறை ஒன்று எப்படியும் வீட்டில் கிடக்கும். அதில் வட்டம் வெட்டி, ஒரு பக்கம் கத்தரித்துச் சுருட்டினால் பூ. நிஜப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். இது வாடாது. அது நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பூவரசு அடுத்தது. அந்த இலையில் பீப்பி ஊதாத ஆள் நம் ஊரில் உண்டா? பூ மலரும்போது மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. வாட வாடச் செம்பழுப்பாகும். இந்த நிறத்துக்குச் சாயமே தேவையில்லை. செய்தித்தாளை வெயிலில் போட்டால் மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற தாள் அது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் நிறம் மாறுவது அதுதான். மொட்டை மாடியில் கல்லை வைத்து நாலைந்து நாள் காயப்போடுங்கள். ஐந்து இதழ், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்க வேண்டும். உள் பொட்டுக்குப் படகுக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடு ஒரு துளி.

படகு என்றதும் சொல்கிறேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுதுபார்த்துப் பெயிண்ட் அடிக்கிற காலமும் அதுதான். டப்பாவின் அடியில் கொஞ்சம் பெயிண்ட் மிஞ்சும், மூடி திறந்தே கிடந்து இறுகிப்போகும். அதைக் கேட்டு வாங்குங்கள். எனாமல் பூசிய தாள் இலை வாடைக் காற்றிலும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பெயிண்ட் பூசிய தாள் லேசில் மக்காது. பழசானால் கடலோரத்தில் எறியாதீர்கள். பெயிண்ட் வாடை பிடிக்காதவர்களுக்கு மெழுகு. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். உருகியதும் பூவை முக்கி எடுத்து உதறினால் போதும். ஒரு முறை ஏ.டி.எம். சீட்டில் அழகாகச் சின்னப் பூக்கள் செய்து மெழுகில் முக்கினேன். அத்தனையும் கறுத்துப்போனது. சூடு பட்டால் கறுக்கிற பூச்சுள்ள தாள் அது, எழுத்து விழுவதே அந்தச் சூட்டில்தான்.

தாழம்பூ செய்யக் கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லது. மேலே பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், பசை பிடிக்காது. தாழை மடலை ஒரே இடத்தில் குத்தி வைத்தால் அன்னாசிக் கொண்டை மாதிரி இருக்கும். நிஜத் தாழையைத் தலைக்கு மேலிருந்து பாருங்கள். மடல்கள் மூன்று வரிசையாகத் திருகிக்கொண்டே மேலே ஏறும். நீங்களும் ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பித் திருப்பி ஒட்டுங்கள். பிரம்மனுக்காகப் பொய் சாட்சி சொன்னதால் சிவன் ஒதுக்கிய பூ என்பார்கள். ராமநாதசுவாமி ஊரில் உட்கார்ந்து காகிதத்தில் தாழம்பூ செய்வது பொய்க்கு மேல் பொய்தான். ஆனாலும் என்னிடம் அதிகம் கேட்டு வாங்குவது இதைத்தான்.

பாசி எடுக்கப் போகிற அக்காமார் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒன்று. கட்டைக்கோரைப் பாசியைத் தேயிலைச் சாயத்தில் ஊறிய செய்தித்தாளில் செய்து பாருங்கள். அந்தப் பழுப்பு அப்படியே வரும். மிதப்பதற்காக அதில் இருக்கிற சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்களுக்குத் தாளை ஈரமாக்கி உருட்டினால் சரி.

இனி தொட்டி. இதை மட்டும் நான் கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன், என் அப்பத்தாவின் வேலை. பழைய தாளை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தையும் சேர்த்து உரலில் இடிப்பார். சட்டியைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, அந்தக் கூழை விரற்கடை கனத்துக்கு அப்பி வெயிலில் வைப்பார். காய்ந்ததும் கழற்றினால் கொட்டான். கருவாடு வைக்க ஆகாது, வெங்காயம், மிளகாய் வற்றலுக்கு ஆகும். வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், அதன் கசப்புக்குப் பூச்சியும் கிட்டே வராது என்பார். நான் முட்டை அட்டையில் செய்கிறேன். இரண்டு அட்டையை ராத்திரி ஊறவைத்து, ஒரு கைப்பிடி வெந்தயத்தோடு மிக்சியில் அரைத்தால் ஒரு சின்னத் தொட்டி. மிக்சி ஜாரை உடனே கழுவுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் சட்னி கசக்கும்.

தொட்டி சாயாமல் இருக்க உள்ளே உடைந்த ஓடு, சிரட்டைத் துண்டு போடுங்கள். கரையில் ஒதுங்கிய பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். நம் முன்னால் மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்கும் இடம் உண்டு. வீட்டு அலங்காரத்துக்கு வழக்கு வாங்க வேண்டாம்.

ஒட்டுவதற்கு மைதாப் பசைதான். ஆனால் அதற்குக் கரப்பானும் ராமபாணமும் தேடி வரும். புத்தகம் தின்கிற அந்த வெள்ளிப்பூச்சிக்கு ராமபாணம் என்று யார் பெயர் வைத்தார்களோ, வில்லின் முனை தனுஷ்கோடியில் இருந்தால் பாணம் எங்கள் அலமாரியில் இருக்கிறது. புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், போடுவார்கள். அது விஷம், குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம். நான் வேப்பிலை கொதித்த தண்ணீரில் பசை காய்ச்சுகிறேன். முழுதாகத் தடுக்காது, குறைகிறது.

கரப்பானாவது ராத்திரியில் வருகிறது. போன மார்கழியில் எட்டு முழ அடப்பங்கொடி ஒன்று செய்து, பொங்கலுக்கு வாசல் நிலையில் தொங்கவிட்டிருந்தேன். மதினி வீட்டு ஆடு வந்து பாதிக் கொடியை மென்றுவிட்டது. நூறடி தள்ளி மணலில் நிஜக் கொடி காடாகக் கிடக்கிறது, அதை விட்டுவிட்டு. மதினிக்கு வெட்கம். "உன் கொடி அசலாட்டம் இருக்கப்போய்த்தான் தின்னுச்சு" என்று சமாளித்தார். மைதாவுக்காகத் தின்றதென்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. புதுக் கொடியை இரண்டு முழம் மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.